மிச்சம் வைத்த நாள்

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அது ஜூலியுடையது. நீங்கள் உட்கார்ந்தால் கடிக்க மாட்டாள், ஆனால் எழுந்து போகிறவரை உங்களையே முறைத்துக்கொண்டிருப்பாள். இப்படி வாருங்கள், மின்விசிறிக்குக் கீழே. பையைத் தரையில் வைக்காதீர்கள், உள்ளே டிபன் டப்பா இருந்தால் ராஜா மூக்கை நுழைத்துவிடுவான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரே நாய்க்குட்டியைக் கேட்டு ஒரே வீட்டிலிருந்து இரண்டு விண்ணப்பம் வந்திருக்கிறது என்று போனில் சொன்னீர்களே, எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. மங்கையர்க்கரசி என்று ஒன்று, அது நான். பாண்டிச்செல்வி என்று ஒன்று. விலாசம் ஒன்று. நீங்களும் பாவம், இரண்டு பேரையும் நேரில் பார்த்தால்தான் கையெழுத்துப் போடமுடியும் என்று இந்த வெயிலில் விளாங்குடி வரைக்கும் வந்துவிட்டீர்கள். செல்வி இப்போது வீட்டில் இல்லை. பன்னிரண்டு மணிக்கு வருவாள். நான் சொல்வதைக் கேட்டால் அவளுக்காகக் காத்திருக்கிற வேலையே உங்களுக்கு இருக்காது.

யாரா? என் நாத்தனார். எங்கள் வீட்டுக்காரரின் கூடப் பிறந்தவள். தேனிப் பக்கம் கட்டிக்கொடுத்தது. பத்தொன்பது வருஷம் வாழ்ந்துவிட்டு, போன வருஷம் கையில் இரண்டு பையோடு வந்து நின்றாள். புருஷன் போய்ச்சேர்ந்தான், மாமியார் போகச் சொல்லிவிட்டாள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு மாமியாரைக் கைக்குள் போட்டுக்கொள்ளத் தெரியவில்லை என்றால் என்ன பெண்பிள்ளை, சொல்லுங்கள்? சரி, அவள் கதை எதற்கு. குட்டியைப் பற்றித்தானே கேட்க வந்தீர்கள்.

உங்கள் பிராணிநலச் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். அட்டைப்பெட்டி. பெட்டியின்மேல் ‘லக்கி’ என்று எழுதியிருந்தது. லக்கியாம்! வாடகைக்கு இருந்தவர்கள் வீட்டைக் காலி பண்ணிவிட்டுப் போகும்போது மொட்டை மாடியில் கட்டிப்போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், எட்டு நாளோ ஒன்பது நாளோ. கட்டின கயிற்றையே பாதி தின்றிருக்கிறது. அதற்கு வைக்கிற பேரா இது? பேர் வைக்கிறதுக்குக்கூட ஒரு அறிவு வேண்டாமா என்று அவர்களிடமே கேட்டேன். ஒருவர் தலையைச் சொறிந்தார். நான் குட்டி என்றுதான் கூப்பிடுகிறேன்.

ஏன் என்னிடம் கொண்டுவந்தார்கள்? வேறு எங்கே கொண்டுபோவார்கள்? இந்தப் பக்கத்தில் நாய் என்றால் என் வீடு. ஜூலியை விட்டுவிட்டுப் போனது யார் தெரியுமா, பெங்களூருக்கு மாற்றலாகிப் போன ஒரு வங்கி மேனேஜர். அபார்ட்மெண்டில் நாய்க்கு அனுமதி இல்லையாம். ராஜா அசல் ராஜபாளையம், காது கேட்காது என்று தெரிந்ததும் தோட்டத்து முதலாளி ஒருத்தர் ரிங் ரோட்டில் இறக்கிவிட்டுவிட்டார். புரூனோவுக்கு ஒரு கண் இல்லை. இவர்களையெல்லாம் வேண்டாம் என்று தள்ளிய பெரிய மனிதர்களை எனக்குத் தெரியும், கல்யாண வீடுகளில் பார்ப்பேன். பட்டுச்சேலை, வைரத்தோடு. ஒரு வாயில்லா ஜீவனுக்கு ஒரு கை சோறு போடத் துப்பில்லை.

குட்டி பெட்டியிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்திருக்கவேண்டும் நீங்கள். வரவில்லை. பெட்டியைச் சாய்த்துத்தான் எடுத்தோம். ஒரு கையளவு. விலா எலும்பை எண்ணலாம். தோலில் சொறி. தலை மட்டும் பெரிதாக இருந்தது, உடம்பு தலைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்கு வந்த உயிர் அரை வயிற்றோடு கிடந்தது என்று ஒருத்தர் சொல்லிவிடக்கூடாது. பருப்புச் சோறு பிசைந்து, நெய் விட்டு, முட்டை ஒன்றை உதிர்த்துப் போட்டு, பெரிய தட்டு நிறைய வைத்தேன். செல்வி பின்னாலேயே நின்றுகொண்டு, “மதினி, கொஞ்சமாக் குடுங்க. காஞ்ச வயிறு, ஒரேயடியாப் போட்டாத் தாங்காது”ங்கிறாள்.

“ஒனக்கு எல்லாந் தெரியும். போ, போய்ப் பாலைக் காய்ச்சு” என்றேன்.

பாலையும் குடித்தது. வயிறு தவில் மாதிரி ஆகிவிட்டது. அரை மணி நேரம் இருக்கும், படுத்த இடத்திலேயே இழுக்க ஆரம்பித்தது. வாயில் நுரை. ஆட்டோவைப் பிடித்து நாய் டாக்டரிடம் ஓடினோம். மடியில் வைத்துக்கொண்டு வந்தது செல்விதான், அவள் சேலையெல்லாம் வாந்தி. டாக்டருக்கு வந்ததே கோபம். “யாரும்மா இவ்ளோ போட்டது? பட்டினி கெடந்த உசுருக்கு இப்படிப் போட்டா ரத்தமே மாறிப்போகும். கொல்றதுக்கு வேற வழி வேணாம்” என்று கத்துகிறார். “வீட்ல ஒருத்தி இருக்கா டாக்டர், சொன்னாக் கேக்க மாட்டா” என்றேன். என்ன செய்வது, டாக்டருக்கு என்னைப் பதினைந்து வருஷமாகத் தெரியும். அவளைத் தெரியாது. அவர் அவளைப் பார்த்து ஒரு பாட்டம் திட்டினார். அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லையே! குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். அதுவும் ஒரு மாதிரித் திமிர்தான்.

இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிழைத்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ரெண்டு கரண்டி கஞ்சி. அதற்குமேல் கூடாது. அது தின்னும்போது பக்கத்தில் நின்று பார்க்கக்கூடாது. தட்டில் கை வைக்கக்கூடாது. ஒளித்துவைக்கும், வைக்கட்டும், பிடுங்கக்கூடாது. “இது வயித்துக்குத் திங்கலம்மா, பயத்துக்குத் திங்குது. அடுத்த வேளையும் வரும்னு நம்பிக்கை வரணும். அது வர்ற வரைக்கும் ஒரு தடவைகூட நேரம் தப்பக்கூடாது” என்றார். எனக்கு அப்படியே மனதில் பதிந்துவிட்டது. காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அதோ, இன்னும் இருக்கிறது பாருங்கள். அந்தக் கடைசி வரிக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டது நான்தான்.

எங்கள் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, “எனக்குக்கூட இப்படி யாரும் எழுதி ஒட்டினதில்லையே” என்றார். மின்சார இலாகாவில் முப்பத்து நாலு வருஷம். எந்தக் கம்பத்தில் ஃபியூஸ் போயிருக்கிறது என்று தூரத்திலிருந்தே சொல்வார், வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது.

காலை ஐந்து, எட்டு, பதினொன்று, இரண்டு, ஐந்து, எட்டு. ஒரு வேளை தப்பியதில்லை. எனக்கு முழங்கால் வலி, ஐந்து மணிக்கு எழுந்திருக்க முடியாது. கிண்ணத்தைக் கொண்டுபோய் வைக்கிறது யாராக இருந்தால் என்ன? திட்டம் யாருடையது? அதைத்தான் பார்க்கவேண்டும். பின்கட்டுக் கிராதியில் என் பழைய சேலை ஒன்றைத் திரையாகக் கட்டினேன். பால்காரி, பக்கத்து வீட்டு ரெஜினா, வருகிறவர் போகிறவர் எல்லாம் எட்டிப் பார்ப்பார்கள். தின்னும்போது பார்த்தால் கண் பட்டுவிடும். “ஐயோ எப்படித் திங்குது பாரேன்” என்பாள் ரெஜினா. தின்னுகிறதைப் பார்த்து ஐயோ சொல்கிற பொம்பளை. போய் உன் அடுப்பைப் பார் என்று சொல்லிவிட்டேன்.

பெரிய நாய்களோடு சேர்க்கிறது அடுத்த வேலை. நிறையப் பேர் அப்படியே உள்ளே விட்டுவிடுவார்கள், ஒன்றையொன்று கடித்துக் குதறினதும் உங்கள் சங்கத்துக்குப் போன் பண்ணி, இது சரிப்படாது, எடுத்துக்கொண்டு போங்கள் என்பார்கள். மடையர்கள். நான் நடுக்கதவை மூடினேன். இந்தப் பக்கம் குட்டி, அந்தப் பக்கம் ஜூலி. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கிண்ணம், கதவிலிருந்து எட்டு டைல்ஸ் தள்ளி. மறுநாள் ஏழு. அதற்கு மறுநாள் ஆறு. ஜூலி உறுமினால் அங்கேயே நிறுத்தி, மறுபடி ஒரு டைல்ஸ் பின்னால். செல்வி கதவோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக எண்ணிக்கொண்டிருப்பாள். அவளுக்கும் ஒரு வேலை வேண்டாமா. இருபத்திரண்டு நாள் ஆயிற்று. இருபத்துமூன்றாம் நாள் கதவைத் திறந்தால் குட்டி நேராகப் போய் ஜூலியின் வயிற்றடியில் படுத்துக்கொண்டது. ஜூலி என்ன செய்தாள் தெரியுமா? பல்லைக் காட்டினாள். பிறகு பல்லைக் காட்டிக்கொண்டே அதன் காதை நக்கினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் சுலபத்தில் அழுகிறவள் இல்லை, எங்கள் மாமியார் செத்தபோதுகூட அழவில்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஒளித்துவைத்தது, அதைச் சொல்லவேண்டும். டாக்டர் சொன்னதுபோலவே. துவைக்கிற கல்லுக்கு அடியில் குட்டி ஒரு பொந்து பண்ணி வைத்திருந்தது. சப்பாத்தித் துண்டு, முட்டை ஓடு, என் செருப்பின் வார்கூட ஒன்று. எறும்பு மொய்த்து நாற்றம். வேலைக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு, “கூட்டித் தள்ளிறட்டுமாம்மா” என்றாள். தொட்டால் கையை முறித்துவிடுவேன் என்றேன். குட்டி ராத்திரி எழுந்து வந்து அதெல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகுமாம், பார்த்தால்தான் தூக்கம் வருமாம். அதை எப்படி எடுப்பது? நானே சமயத்தில் ஒரு பிஸ்கட்டைக் கொண்டுபோய் அதில் சேர்த்து வைத்துவிட்டு வருவேன். அதற்குத் தெரியாமல்.

அந்த வாரத்தில்தான் மெத்தை உறையெல்லாம் துவைக்க எடுத்தேன். செல்வியின் தலையணையைத் தூக்கினால், அடியில் ஒரு பிளாஸ்டிக் பை. நாலு ரஸ்க், ஒரு துண்டு வெல்லம், காகிதத்தில் மடித்த பொரிகடலை. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள்? மூன்று வேளையும் சோறு போடுகிற வீடு. எல்லாவற்றையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில், எங்கள் வீட்டுக்காரர் முன்னால், வரிசையாக வைத்தேன்.

“என்ன செல்வி இது?”

ரஸ்க்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இந்த வீட்ல ஒனக்கு யாராவது இல்லைன்னு சொன்னாங்களா? கேட்டாத் தரமாட்டமா?”

“ஒவ்வொரு தடவையும் கேக்கக் கூச்சமா இருக்கு மதினி.”

“ஒளிச்சு வைக்கக் கூச்சமா இல்லையோ?”

“திங்கிறதுக்கு வைக்கல மதினி. சும்மா... இருக்கட்டும்னு.”

இருக்கட்டும்னாம்! திங்காத ரஸ்க்கை எவளாவது தலையணைக்கு அடியில் வைப்பாளா? கேட்டால் நம்புகிற மாதிரியா இருக்கிறது? எங்கள் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு, “விடு மங்கை, ரஸ்க்தானே” என்றார். “இன்னைக்கு ரஸ்க்கு. நாளைக்கு ஒங்க தங்கச்சி ஊர் முழுக்கச் சொல்லுவா, அண்ணன் வீட்ல பட்டினி போட்டாங்கன்னு” என்றேன். அவர் எழுந்து மோட்டார் போடப் போய்விட்டார். தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அதற்கு ஒரு மோட்டார்.

அன்றைக்கே அடுக்களை அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். சின்னப் பூட்டுதான். சாவி என் இடுப்பில். கொடுமை என்று நினைக்காதீர்கள். அவள் மாமியார் வீட்டிலும் அலமாரியைப் பூட்டித்தான் வைப்பார்களாம், எல்லாரும் சாப்பிட்டு முடித்தபிறகு இருந்தால் போடுவார்களாம், இல்லையென்றால் இல்லையாம். வந்த புதிதில் ஒரு நாள் சொன்னாள். எவ்வளவு நிஜமோ, யார் கண்டது. நிஜமென்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்படியானால் பூட்டு அவளுக்குப் புதிதா என்ன?

அவள் சாப்பிடுகிறதைப் பார்க்கவேண்டும் நீங்கள். இடது கையைத் தட்டைச் சுற்றி வளைத்துக்கொள்வாள். குனிந்த தலை நிமிர மாட்டாள். நான் இரண்டு தோசை வார்க்கிறதற்குள் அவள் மூன்று தோசை தின்றுமுடித்திருப்பாள். நாற்பத்து நாலு வயசுப் பெண்பிள்ளை. அதற்காகவே நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். ஒருத்தர் பார்க்கிறார்கள் என்றால்தானே ஒரு நிதானம் வரும்? வரவில்லை. இன்னும் வேகமாகத்தான் தின்றாள். சில ஜென்மங்களைத் திருத்த முடியாது.

குட்டியைப் பாருங்கள், எப்படித் திருந்தியது! இரண்டாம் மாதம் முடிகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிண்ணத்தில் ஒரு பிடி சோறு மிச்சம் வைத்துவிட்டு, உதட்டை நக்கிக்கொண்டு, புரூனோவின் வாலைக் கடிக்கப் போய்விட்டது. காய்ச்சலோ என்று மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் சிரிக்கிறார். “மிச்சம் வச்சிருச்சா? இனிமே அதைப் பத்திக் கவலை இல்லம்மா. நாளைக்கும் சோறு வரும்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு” என்றார். அந்தக் கிண்ணத்தைப் போட்டோ எடுத்து உங்கள் சங்கத்து வாட்ஸப்பில் போட்டேனே, பார்த்தீர்களா? எல்லாரும் கைதட்டுகிற படமாக அனுப்பித் தள்ளிவிட்டார்கள். அன்றைக்குப் பால்பாயசம் வைத்தேன் வீட்டில்.

அதற்குப் பத்து நாள் கழித்து என்ன நடந்தது, கேளுங்கள். காலையில் செல்விக்கு நாலு இட்லி வைத்தேன். ஒன்றரை இட்லியை அப்படியே தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போகிறாள்!

“ஏன், எங்க வீட்டு இட்லி எறங்கலையோ?” என்றேன்.

“வயிறு நெறஞ்சிருச்சு மதினி.”

என் முகத்தை நேராகப் பார்த்துச் சொல்கிறாள். வந்து பதினோரு மாதத்தில் அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசியது அன்றைக்குத்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் கையால் போட்டதை மிச்சம் வைக்கிற அளவுக்கு ஒருத்தி வந்துவிட்டாள் என்றால், அவளுக்கு வெளியே எங்கேயோ ஒரு பிடிமானம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். விசாரித்தேன். நான் நினைத்தது சரி. அழகர்கோயில் ரோட்டில் செடி விற்கிற நர்சரி ஒன்றில் ஒரு வாரமாகக் காலையில் போய் வேலை பார்த்துவிட்டு வருகிறாள். கோயிலுக்குப் போவதாக என்னிடம் சொல்லிவிட்டு! தொட்டியில் மண் நிரப்புகிற வேலை. பதினோரு மணிக்கு அங்கே எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்களாம், முதலாளியம்மாவும் கூடவே உட்காருவாளாம், ஆளுக்கு ஆள் அவள்தான் அள்ளி வைப்பாளாம். வேலையாட்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் என்ன முதலாளியம்மா? தராதரம் தெரியாத கூட்டம். பின்னால் ஒரு அறை காலியாக இருக்கிறதாம், ஒன்றாம் தேதியிலிருந்து தங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்களாம். “நாய் இருந்தாக் கூட்டிட்டு வா, செடிக்குக் காவலா இருக்கும்”னு வேறு சொல்லியிருக்கிறாள் அந்த அம்மா. இவள் உடனே உங்களுக்கு ஒரு விண்ணப்பம் எழுதிப் போட்டுவிட்டாள். எப்படி இருக்கிறது கதை?

போகட்டும். அவள் போகிறதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரு தட்டு குறையும். குட்டியைத் தரமாட்டேன். நான் உயிர் கொடுத்த குட்டி. அவளுக்கு என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்? தகரக் கூரை போட்ட ஒரு அறை. இங்கே மூன்று நாய் துணைக்கு, டாக்டர், வேளாவேளைக்குச் சோறு, ஃபிரிட்ஜில் எழுதி ஒட்டின சட்டம். உங்கள் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறதே, ‘பட்டினியால் பாதிக்கப்பட்ட பிராணியைப் பராமரித்த அனுபவம் உண்டா’ என்று? அவள் அதற்கு ‘உண்டு’ என்று எழுதியிருக்கிறாளா? பார்த்தீர்களா, என்ன துணிச்சல்! எங்கே, யாரைப் பராமரித்தாளாம்?

கேட் சத்தம். வந்துவிட்டாள். குட்டி ஓடுகிறதா? ஓடும், யார் வந்தாலும் ஓடும், அதை ஒரு கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே விழுந்து புரளும், அவள் சேலை மண்ணை நக்கும். உரம் போட்ட மண், அதுதான். ஒரு நிமிஷம் பாருங்கள்... அதோ, திரும்பிவிட்டது. நேராக ஜூலியிடம்தான் போகிறது. வயிற்றடியில் சுருண்டுகொண்டதா? ராஜாவும் புரூனோவும் அங்கேயே போய் விழுகிறார்கள். நான்கும் ஒரே குவியல். மத்தியானத்தில் தினமும் இப்படித்தான், எந்தக் கால் யாருடையது என்று தெரியாது.

ஏய் செல்வி, வாசலிலேயே நின்னு என்ன வேடிக்கை பாக்குற? சங்கத்துல இருந்து வந்திருக்காங்க. உள்ள வா. இந்த அம்மாகிட்ட நீயே சொல்லு, எதுக்கு எழுதிப் போட்டேன்னு. நாய்களை அப்புறம் பாக்கலாம், என்ன அப்படிப் பாக்குற, புதுசாப் பாக்குற மாதிரி? சொல்லு.

என்ன? சத்தமாச் சொல்லு. அவங்களுக்குக் கேக்க வேணாமா?

கேட்டீர்களா அம்மா? “அதைப் பிரிக்க வேணாம், மதினி பேருக்கே எழுதிருங்க” என்கிறாள். அப்படி வா வழிக்கு. இன்னும் ஏதோ சொல்கிறாளே... “இந்த வீட்ல நாய்க்கு ஒரு குறையும் வராது” என்கிறாள்.

எழுதிக்கொள்ளுங்கள். பதினோரு மாதத்தில் இந்த வீட்டைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அவள் சொன்னபடியே எழுதுங்கள், ஒரு எழுத்துக்கூட மாற்றாமல். ஏன் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? இந்தப் பக்கம் திரும்புங்கள், கையெழுத்துப் போடவேண்டியவள் நான்.